விடியலில் மிதக்கும் மீன்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஆறு கடலில் கலக்கும் எங்கள் கழிமுகத்தில், அருகில் தொழிற்சாலை ஏதும் இல்லாதபோதும், கோடையில் ஒரு விடியற்காலையில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. நஞ்சு கலந்திருக்கலாம் என்பது ஊரார் பேச்சு. நண்பகலில் சோதித்தவர்களோ நீர் நன்றாகவே இருக்கிறது என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: நஞ்சுக்கு இடமே இல்லை என்று நீரைப் பார்க்காமல் சொல்லிவிட முடியாது; ஆயினும் நீங்கள் குறிப்பிடும் நேரம் வேறொரு காரணத்தையே சுட்டுகிறது. வயல்களிலிருந்து வழிந்துவரும் உரத்திலும் வீட்டுக் கழிவுநீரிலும் உள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உண்டு கொழுக்கும் பாசி, பகலில் ஆக்சிஜனை வெளியிட்டாலும் இரவு முழுவதும் அதைச் சுவாசித்துத் தீர்க்கிறது. செத்த பாசி அடியில் மட்கும்போது எஞ்சியதையும் பாக்டீரியாக்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே ஆக்சிஜன் மிகவும் குறைந்திருப்பது விடியும் வேளையில்தான். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் பெரும்பாலான மீன்களுக்குப் போதும். 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், விலகிப் போக முடிந்தவை பிழைக்கும், மற்றவை மடியும்.

நண்பகல் சோதனை பொய்யன்று, ஆனால் இந்தக் கேள்விக்கு அது உதவாது. விடியலுக்கு முன்பே வந்து, மேல்நீரோடு அடிநீரையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கனமான உப்புநீர் அடியில் தங்க, அதன்மேல் ஆற்றுநீர் மூடிபோலப் பரவிவிடுவதால், ஓதமோ காற்றோ இரண்டையும் கலக்காதவரை அடியில் ஆக்சிஜன் ஏறாது. முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

திட்டை வெட்டிவிடுவதோடு வேலை முடிந்ததென்று பலரும் நினைக்கிறார்கள். உரம் வந்துகொண்டிருக்கும்வரை பாசியும் வரும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவைக் காக்க 1983-இல் ஒப்பந்தம் போட்டு, பின்னர் மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்ட முயற்சிகள் போதாமல் போனதால், ஆறு மாநிலங்களும் தலைநகரும் அடங்கிய நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் 2010-இல் நைட்ரஜன், பாஸ்பரஸ், வண்டல் ஆகியவற்றுக்கு உச்சவரம்பு விதித்தார்கள். கடற்கரையை ஒருபோதும் பார்த்திராத உழவரும் அந்தக் கணக்குக்குள் வருகிறார்.

கேள்வி: வெறும் சேறாகக் கிடக்கும் இடங்களில் அலையாத்திக் கன்றுகளை நடலாமா?

பதில்: முன்பு அலையாத்தி இருந்து அழிந்த இடமென்றால், நீரோட்டத்தைச் சீராக்கிய பின் நடலாம். ஓதம் வடியும்போது மட்டும் வெளிப்படும் சேற்றுத்திடலில் வேண்டாம். நெடுநேரம் மூழ்கிக் கிடப்பதால் கன்றுகள் பெரும்பாலும் அங்கே பிழைப்பதில்லை. பிழைத்தாலோ, அந்தச் சேற்றில் அலகை நுழைத்துப் புழுவும் சிறு நண்டும் தேடும் உள்ளான் முதலிய வலசைப் பறவைகளுக்கு மேய்ச்சலிடம் இல்லாமல் போகும்.