கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கென்று என் ஒரு பவுன் ஜிமிக்கியையும் அரக்குப் பட்டுச் சேலையையும் நாத்தனார் வாங்கிப் போனாள். மாசி பிறந்துவிட்டது, இரண்டும் வரவில்லை. என் கணவரின் நண்பர் வாரம் இரண்டு முறை எங்கள் பைக்கை எடுத்துப் போகிறார். அவருக்கு லைசென்ஸே கிடையாது. போன மாதம் ஓரகத்தி கேட்டாள் என்று என் தையல் மெஷினையும் கணவர் தூக்கிக் கொடுத்துவிட்டார். நாலு நாள் என் பிழைப்பு நின்றது. அம்மாவிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லி அழுதாயிற்று. ‘சொந்தத்துக்குள்ள கணக்குப் பாக்கறா’ என்று பெயர் வந்துவிடுமே என்று பயம். இனி யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சரிதானே?
– பெயர் வேண்டாம், காரிமங்கலம்

பதில்: சரியில்லை, அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அம்மாவிடம் சொன்னீர்கள், பக்கத்து வீட்டில் சொன்னீர்கள், இப்போது எனக்கும் எழுதிவிட்டீர்கள். நாத்தனாரிடம் ‘ஜிமிக்கியைக் கொடு’ என்று கேட்டதாக மட்டும் ஓர் இடத்திலும் இல்லை. தெருவுக்கே தெரிந்த வருத்தம் அவளுக்கு மட்டும் தெரியாது. ஆறு மாதமாக நீங்கள் சும்மா இருப்பதைப் பார்த்து, அண்ணிக்கு அவசரமில்லை என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

கேட்டால் உறவு கெடும் என்ற பயம் எங்கிருந்து வந்தது என்றே எனக்குப் புரியவில்லை. நம் பக்கத்து வழக்கம் அப்படி இருந்ததில்லை. எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவில் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக அப்பாவின் பெயர் வெட்டியிருக்கும். விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படும். உங்கள் வீட்டுப் பாத்திரத்திலும் ஏதோ ஒரு பெயர் இருக்கும், எடுத்துப் பாருங்கள். வீட்டை விட்டு வெளியே போகிற பாத்திரம் திரும்பி வர வேண்டும் என்றுதானே அன்றைக்குக் கடையிலேயே பெயர் வெட்டி வாங்கினார்கள்? ஒரு கல்யாணம் என்றால் பத்து வீட்டு அண்டா, குண்டான், கரண்டி எல்லாம் ஒரே பந்தலில் சேரும். மறுநாள் காலையில் வயதான ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பெயரைப் படித்து, யார் வீட்டுக்கு எது என்று பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவார். ஒரு கரண்டி குறைந்தால் அந்த வீட்டிலிருந்து ஆள் வந்து கேட்கும். யாரும் முகம் சுளித்ததில்லை. வந்த பாத்திரம் வெறுமையாகவும் வராது. மாங்காய்க் காலமென்றால் உள்ளே இரண்டு பெங்களூரா கிடக்கும், இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். கணக்கும் இருந்தது, சொந்தமும் இருந்தது.

கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். ராயக்கோட்டைப் பக்கம் என் தம்பி தக்காளி போடுகிறான். உறவுக்காரர் ஒருவர் அவனுடைய ஸ்பிரேயரை வாங்கிப் போய், சோளக் காட்டில் 2,4-டி களைக்கொல்லி அடித்துவிட்டு, டேங்கைச் சரியாகக் கழுவாமல் கொண்டுவந்து வைத்துவிட்டார். தம்பி அதே டேங்கில் பூச்சி மருந்தைக் கலந்து தக்காளிக்கு அடித்தான். தக்காளிக்கு அந்த மருந்தின் மிச்சம் மீதி பட்டாலே ஆகாது. சில நாளில் கொழுந்தெல்லாம் கயிறாய் முறுக்கிக்கொண்டது, இலை சுருண்டு குறுகியது. நான் போய்ப் பார்த்தபோது வரப்பில் உட்கார்ந்து ஒரு கொழுந்தைக் கையில் வைத்து நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மனிதரிடம் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘சொந்தம், என்னத்தக் கேக்கறது’ என்றான். ஆனால் அதற்கப்புறம் அவர் வீட்டு வாசலை இவன் மிதிக்கவும் இல்லை. தான் செய்தது என்னவென்றே தெரியாமல், ‘உன் தம்பிக்கு என் மேல என்ன கோபம்?’ என்று அவர் என்னைக் கேட்கிறார். கேட்டிருந்தால் அரை மணி நேரம் சண்டை நடந்திருக்கும், அவ்வளவுதான்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. போலீசுக்குப் போகச் சொல்லவில்லை, உங்கள் மனத்தெம்புக்காகச் சொல்கிறேன். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 159-ஆம் பிரிவுப்படி, கூலி வாங்காமல் இரவலாகக் கொடுத்த பொருளை, ஒரு கெடு சொல்லிக் கொடுத்திருந்தால்கூட, கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம். அப்படி நடுவில் கேட்பதால் வாங்கியவருக்கு அடைந்த பலனைவிட அதிக நஷ்டம் வந்தால் அதை ஈடுகட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்தப் பேச்சே இல்லை. கல்யாணம் முடிந்து ஆறு மாதமாகிவிட்டது. வாங்கியவர் தன் சொந்தப் பொருளைப் போல அதைக் கவனமாக வைத்திருக்க வேண்டும் என்று 151-ஆம் பிரிவு சொல்கிறது.

பைக் விஷயத்தில் எனக்கு உங்கள் மேல் கோபமே வருகிறது. பெட்ரோல் காசை விடுங்கள். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 180-ஆம் பிரிவில் வண்டிக்குச் சொந்தக்காரருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த நண்பர் யார் மேலாவது மோதிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்க வரலாம். பாலிசியில் சொந்தக்காரருக்கென்று இருக்கிற 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் இரவல் வாங்கி ஓட்டுகிறவருக்குப் பொருந்தாது. நாற்கர ரோட்டில் லாரிகள் போகிற வேகம் காரிமங்கலத்துக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘லைசென்ஸ் எடுத்துட்டு வாங்கண்ணே, அப்புறம் தர்றேன்’ என்று உங்கள் கணவர் இன்றைக்கே சொல்லட்டும். சாவி அதுவரை உங்கள் கையில் இருக்கட்டும்.

தையல் மெஷின் வேறு கதை. அது உங்கள் தொழில். ஊசி, டென்ஷன், பெல்ட் எல்லாம் உங்கள் கைக்கும் காலுக்கும் பழகி நிற்பவை. இன்னொருவர் நாலு நாள் மிதித்தால் மறுபடி சரிசெய்யவே அரை நாள் போகும். டெய்லரிடம் மெஷினை இரவல் கேட்பதும் உழுகிறவனிடம் மாட்டைக் கேட்பதும் ஒன்றுதான். அதைக் கொடுக்க உங்கள் கணவருக்கும் உரிமை இல்லை. அவரிடம் முதலில் பேச வேண்டியது இதைத்தான். ஓரகத்திக்குத் தைக்க வேண்டியது இருந்தால் துணியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், நீங்கள் தைத்துக் கொடுங்கள்.

இனி யாருக்கும் எதையும் கொடுக்காமல் இருந்து என்ன செய்யப் போகிறீர்கள்? நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு ஒரு விசேஷம் என்றால் நீங்களும் ஒரு குத்துவிளக்கோ ஜமுக்காளமோ கேட்டு நாலு வீட்டுப் படி ஏறத்தான் வேண்டும். கொடுங்கள். கொடுக்கும்போதே எப்போது வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். ‘வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு வேணும்’ என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொலைந்தால் தாங்க முடியாதது என்றால், அதை மட்டும் முதலிலேயே இல்லை என்று சொல்லிவிடுங்கள். நகையை அந்தக் கணக்கில் வையுங்கள்.

நாத்தனாருக்குப் போன் பண்ணாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். மாமியார் முன்னால் கேட்க வேண்டாம், அவளைத் தனியாக அழைத்து, ‘ஜிமிக்கி எனக்கு வேணும்மா, இன்னைக்கே எடுத்துட்டுப் போறேன்’ என்று கேளுங்கள். எனக்கு அவசரம், செலவு என்றெல்லாம் பொய்க் காரணம் சொல்ல வேண்டாம். ஒருவேளை அடகுக் கடையில் இருக்கிறதென்று அவள் சொன்னால் கத்தாதீர்கள். ரசீதை வாங்கிப் பார்த்து, என்றைக்கு மீட்டுத் தருகிறாள் என்று தேதி கேட்டுக்கொண்டு, அப்புறம் மாமியாரிடம் சொல்லுங்கள். சேலை கைக்கு வந்ததும் அங்கேயே பிரித்துப் பாருங்கள். பட்டு மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் மடிப்போடு இழை விட்டுப்போகும், ஜரிகையும் ஒடியும். நல்லபடியாக இருந்தால் நிழலில் ஆறவிட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள்.

என்ன நடந்ததென்று ஒரு கார்டு போடுங்கள்.