சாட்டர் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சார்,

கணவரின் வேலைக்காக ஹாங்காங் வந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் பக்கம் போனால் எச்.எஸ்.பி.சி. தலைமை அலுவலகத்தின் அடியிலும் சாட்டர் ரோட்டிலும் பிலிப்பைன்ஸ் பெண்கள் அட்டையை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். பார்க்கவே பாவமாக இருக்கிறது. வேலை செய்யும் வீட்டில் இடமும் சாப்பாடும் இருக்க, ஏன் இப்படி ரோட்டில்? அவர்கள் நாட்டு அரசாங்கம் எதுவும் செய்யாதா?

ஒரு வாசகி, ஹாங்காங்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 'இடம்'தான் பிரச்சினையே. வீட்டு வேலைக்கு வரும் வெளிநாட்டவர் முதலாளி வீட்டிலேயே தங்கியாக வேண்டும் என்பது ஹாங்காங் விதி. 2003 முதல் அது கட்டாயம். அங்குள்ள ஃபிளாட்டுகளின் அளவு உங்களுக்கே தெரியும். குழந்தையின் அறையிலோ சமையலறை ஓரத்திலோ படுத்துக்கொள்கிறார்கள். சாத்திக்கொள்ள ஒரு கதவு பலருக்கு இல்லை. லீவு நாளில் அதே வீட்டில் இருந்தால் யாராவது ஒரு டீ போடச் சொல்வார்கள். கடையில் போய் நாள் முழுக்க உட்காரக் காசு வேண்டும். மிச்சம் ரோடுதான்.

ஆனால் 'பாவம்' என்பதை நான் ஏற்கமாட்டேன். அடுத்த ஞாயிறு அவசரமில்லாமல் நின்று பாருங்கள். அட்டையை மடித்துச் சின்னதாகச் சுவர் எழுப்பியிருப்பார்கள், செருப்பெல்லாம் வெளியே இருக்கும். உள்ளே அலுமினியத் தட்டில் பன்சித் நூடுல்ஸ். ஒருத்தி இன்னொருத்திக்கு நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பாள். பக்கத்தில் ஊருக்குக் கப்பலில் போகும் பாலிக்பயான் பெட்டி: சோப்பு, டின் இறைச்சி, பிள்ளைகளுக்கு ஷூ என்று மாதக்கணக்கில் சேர்த்தது. பொதுவாக எடைக்கு இல்லை, பெட்டிக்குத்தான் கட்டணம். அதனால் ஷூவுக்குள்ளேயும் சாக்லேட்டைத் திணிப்பார்கள். 2015-ல் மணிலா சுங்கத்துறை இந்தப் பெட்டிகளைத் திறந்து பார்க்கப்போவதாகச் சொன்னதும் வெளிநாட்டுப் பிலிப்பினோக்கள் கொதித்துப்போனார்கள். அப்போதைய அதிபர் பெனிக்னோ அக்கினோ தலையிட்டு அதை நிறுத்த வேண்டியிருந்தது.

அந்த ரோடும் சும்மா கிடைத்ததல்ல. 1992 வாக்கில் அதை ஞாயிறன்றும் வண்டிகளுக்குத் திறந்துவிடச் சொல்லி அந்த வட்டாரக் கட்டட உரிமையாளர் தரப்பு கேட்டது. இந்தப் பெண்கள் எதிர்த்தார்கள், இன்றும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பளப் பாக்கிக்கு வழி கேட்பது, சங்கக் கூட்டம், ஊர்வலம் எல்லாம் அதே இடத்தில்தான் நடக்கிறது.

அரசாங்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1974-ல் அன்றைய அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத்திலிருந்தே ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவது அரசின் கொள்கை. 1988-ல் அப்போது அதிபராக இருந்த கொரசோன் அக்கினோ ஹாங்காங்குக்கே வந்து இவர்களைப் 'புதிய நாயகர்கள்' என்றார். அந்தப் பட்டத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்த ஃபுளோர் கொன்டெம்ப்ளாசியோன் 1995-ல் தூக்கிலிடப்பட்டு, பிலிப்பைன்ஸே கொந்தளித்த பிறகுதான் இவர்களுக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2024-ல் உலகெங்கும் உள்ள பிலிப்பினோக்கள் ஊருக்கு அனுப்பிய பணம் 3,400 கோடி டாலருக்கு மேல். அதை நம்பி நிற்கும் அரசு, வேலை கொடுக்கும் நாடுகளிடம் எவ்வளவு குரலை உயர்த்தும்?

ஹாங்காங்கும் குறைந்ததல்ல. மற்ற வெளிநாட்டவர் பொதுவாக 7 வருடம் வாழ்ந்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்கலாம், வீட்டு வேலைக்காரர் கேட்க முடியாது. 1986-லிருந்து அங்கே உழைத்த இவாஞ்சலின் வயெஹோஸ் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2013-ல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. வேலை போனால் இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டும் என்ற விதி வேறு. முதலாளி எவ்வளவு மோசமானாலும் வாயைத் திறக்க விடாத விதி அது.

உங்கள் வீட்டிலும் ஒரு பெண் வேலைக்கு இருந்தால், காலை டிபனை முடித்துவிட்டுப் போ என்று ஞாயிறன்று சொல்லாதீர்கள். சட்டப்படி வாரத்தில் முழுதாக 24 மணி நேரம் அவருக்கு ஓய்வு. ராத்திரி எட்டு மணிக்குள் வந்துவிடு என்ற கெடுவும் வேண்டாம்.