பாதியில் நின்ற உபுண்டு: ஃபார்மேட் செய்ய வேண்டாம்

கேள்வி: கோத்தகிரி பக்கத்தில் பசுந்தேயிலைக் கொள்முதல் நிலையம் நடத்துகிறேன். மேசைக் கணினியில் உபுண்டு 22.04 இயங்குதளம் இருந்தது. அதை 24.04-க்கு மாற்றிக்கொண்டிருந்தபோது மழையில் மரம் சாய்ந்து மின்சாரம் போய்விட்டது. யுபிஎஸ் கிடையாது. இப்போது கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் வரிகள் ஓடி, 'கெர்னல் பேனிக்' என்று நின்றுவிடுகிறது. விவசாயிகளின் ஆறு மாத இலைக் கணக்கு உள்ளே இருக்கிறது. பழுது பார்ப்பவர் ஃபார்மேட் செய்யச் சொல்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ஓடு மாற்றும்போது மழை வந்துவிட்டது என்பதற்காக வீட்டையே இடிக்கச் சொல்கிறார் உங்கள் பழுதுக்காரர்.

அந்தக் கறுப்புத் திரையின் அடிப்பகுதியில் 'அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நோய் பிடிபட்டுவிட்டது. உபுண்டு விழிக்கும்போது முதலில் எழுவது அதன் மையமான கெர்னல். வட்டைப் படிக்க அதற்கு டிரைவர்கள் எனும் சிறு நிரல்கள் வேண்டும். அவையோ அந்த வட்டுக்குள்தான் இருக்கின்றன. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. இதற்காகவே, அவசியமான டிரைவர்களைத் தனியாக ஒரு பொட்டலம் கட்டிக் கெர்னலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அதன் பெயர் இனிட்ராம்எஃப்எஸ். உபுண்டுவில் இது கட்டிய பொட்டலமாக வருவதில்லை. ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் உங்கள் கணினியே கட்டிக்கொள்கிறது, அதுவும் நிறுவலின் கடைசிக் கட்டத்தில். புதுக் கெர்னல் வந்து இறங்கிவிட்டது. பொட்டலம் கட்டுவதற்குள் உங்கள் ஊரில் மின்சாரம் போய்விட்டது. பழைய கெர்னலும் அதன் பொட்டலமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நாம் பிடித்து ஏறப்போவது அந்தக் கொம்பைத்தான்.

ஆனால் முதல் வேலை கணக்கை வெளியே எடுப்பது. வேறொரு கணினியில் உபுண்டு 24.04 பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, அதிலிருந்து உங்கள் கணினியைத் தொடங்குங்கள். 'ட்ரை உபுண்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'இன்ஸ்டால்' பக்கம் கை போகவே கூடாது. கோப்பு மேலாளரில் உங்கள் வட்டைத் திறந்து, 'ஹோம்' என்ற அடைவை இன்னொரு பென்டிரைவில் நகலெடுங்கள். அனுமதி மறுத்தால் நிர்வாகி உரிமையோடு திறக்க வேண்டும். நகலில் ஒரு கணக்குக் கோப்பையாவது திறந்து பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

இனி சிகிச்சை. கணினி எழும்போதே, தொடக்கப் பட்டியலைக் கொண்டுவர எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். பழைய பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) வகைக் கணினி என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். முந்தைய தொடக்கம் தோற்றிருந்தால் பட்டியல் தானாகவே 30 விநாடி நின்று காட்டும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே சென்றால் கெர்னல்களின் வரிசை தெரியும். 24.04 வெளியானபோது உடன் வந்த கெர்னல் 6.8. 22.04 வெளியானபோது உடன் வந்தது 5.15. அந்த 5.15 வரியில் (அது இல்லையென்றால் வரிசையில் உள்ள வேறு பழைய கெர்னலின் வரியில்) 'ரெகவரி மோட்' என்று முடிவதைத் தேர்ந்தெடுங்கள்.

சற்று நேரத்தில் சிறு பட்டியல் ஒன்று வரும். அதில் 'கிளீன்' என்று ஒன்று ஆசை காட்டும். இப்போது அதைத் தொடாதீர்கள். மேம்படுத்தும் நிரல் எல்லா மென்பொருள் தொகுப்புகளையும் முதலில் பதிவிறக்கிவிட்டுத்தான் நிறுவத் தொடங்குகிறது; நமக்குக் கைகொடுக்க வேண்டிய அந்தத் தொகுப்புகளையே அது துடைத்துவிடக்கூடும். செல்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை (செல்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் வசதி) போட்டுவிட்டு, 'நெட்வொர்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், அடுத்து 'டிபிகேஜி'. பாதியில் நின்ற தொகுப்புகளை அது விட்ட இடத்திலிருந்து முடித்துக்கொடுக்கும். நடுவில் ஏதாவது அமைப்புக் கோப்பை மாற்றலாமா என்று கேட்டால் என்டர் தட்டுங்கள், இருப்பதே இருக்கும். 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்: ஜெனரேட்டிங்' என்ற வரி வந்தால் அதுதான் பொட்டலம் கட்டும் நேரம். பழைய ஹார்டு டிஸ்க்கில் திரை சில நிமிடம் அசையாமல் நிற்கும். உறைந்துவிட்டது என்று பொத்தானை அழுத்திவிடாதீர்கள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிடும். இந்த முறையாவது யாரிடமாவது ஒரு யுபிஎஸ் இரவல் வாங்குங்கள்.

இடையில் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்று வந்தால் பெரும்பாலும் கெர்னல்கள் இருக்கும் பூட் பகுதி நிரம்பிவிட்டது என்று பொருள். மிகப் பழைய கெர்னல்களை நீக்கி இடம் பண்ணலாம்; இப்போது நீங்கள் ஏறி வந்த பழைய கெர்னலையும் புதுக் கெர்னலையும் விட்டுவைக்க வேண்டும்.

பலரையும் திணறடிக்கும் இன்னொன்று. மின்சாரம் அடிக்கடி போகும் ஊர்களில் பழைய கணினியின் மதர்போர்டு பேட்டரி செத்துக் கிடக்கும். கடிகாரம் பல வருடம் பின்னே போய்விடும். அப்போது உபுண்டு, தொகுப்புப் பட்டியல் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று ஏற்க மறுக்கும். எதிர்காலத் தேதியிட்ட காசோலையை வங்கி திருப்பி அனுப்புவது போலத்தான். பயாஸில் தேதியைத் திருத்துங்கள். சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

எல்லாம் முடிந்து புதுக் கெர்னலில் கணினி எழுந்த பிறகு வைஃபை காணாமல் போயிருந்தால் பதற வேண்டாம். பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை அட்டைகளில் இது வழக்கம். டெதரிங்கிலேயே இருந்துகொண்டு 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதியில் அதை மீண்டும் நிறுவுங்கள். பிரிண்டரில் ஒரு ரசீது அச்சடித்துப் பார்த்து, ஒரு வாரம் தொந்தரவில்லாமல் ஓடிய பிறகு பழைய கெர்னலை நீக்கலாம்.