எண்ணெய்க் கிணறு விபத்துப் படம்: மாணவர்களுக்கு எதைச் சொல்வது?

கேள்வி: எங்கள் கல்லூரிச் சுற்றுச்சூழல் மன்றத்தில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ படத்தைத் திரையிட இருக்கிறோம். முன்கூட்டியே பார்த்தபோது நடுவில் வரும் அழுத்தச் சோதனை எனக்கே பிடிபடவில்லை. ஆட்கள் தப்பிப்பதோடு படமும் முடிந்துவிடுகிறது. கடலுக்கு என்ன ஆனது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாணவர்களுக்கு எதை, எப்படி விளக்குவது?

பதில்: பீட்டர் பெர்க் இயக்கி 2016-இல் வந்த அந்தப் படம், 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் 11 தொழிலாளர்கள் உயிரிழந்த விபத்தைப் பற்றியது. கடலின் கதை உண்மையில் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆகவே திரையிடலுக்குப் பின் பேச முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

அழுத்தச் சோதனைக் காட்சி வந்ததும் படத்தை நிறுத்திவிடுங்கள். விபத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. விபத்து நடந்த மகோண்டோ எண்ணெய்க் கிணற்றின் வாய் கடலுக்கடியில் சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்தது. துளை அதற்கும் கீழே நான்கு கிலோமீட்டர் போயிருந்தது. துளையிடும்போது கிணறு முழுக்கக் கனமான சேற்றுக் கலவை நிறைந்திருக்கும். எண்ணெயும் வாயுவும் மேலே பீறிடாமல் அமுக்கி வைப்பது அதன் எடைதான். வேலை முடிந்து ரிக் (கடலில் மிதந்தபடி துளையிடும் மேடை) கிளம்பும் முன் அதில் ஒரு பகுதியை வெளியேற்றிக் கடல்நீரை நிரப்ப வேண்டும். அப்போது அடியில் போட்ட சிமென்ட் தாங்க வேண்டும்.

கரும்பலகையில் கணக்காகவே போட்டுக் காட்டுங்கள். காலனுக்கு 14 பவுண்டு எடையுள்ள சேறு, ஓர் அடி ஆழத்துக்கு ஏறத்தாழ 0.73 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தம் தரும், கடல்நீர் 0.45 தான் தரும். ரிக்கிலிருந்து 8,367 அடி வரை சேற்றை எடுத்துக் கடல்நீரை விடுவது திட்டம். வித்தியாசத்தைப் பெருக்கினால் 2,300 பிஎஸ்ஐக்கு மேல் வரும். அவ்வளவு பாரம் திடீரென்று விலகினால் சிமென்ட் தாங்குமா என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை.

அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கி, மூடி, காத்திருப்பார்கள். மறுபடி ஏறாவிட்டால் சிமென்ட் பிடித்திருக்கிறது என்று பொருள். அன்று துளைக்குழாயில் 1,400 பிஎஸ்ஐ ஏறி நின்றது. பக்கத்துச் சிறு குழாயில் பூஜ்யம். இரண்டும் ஒரே கிணற்றில் திறப்பவை, ஆகவே ஒரே அளவு காட்டியிருக்க வேண்டும். சிறு குழாயைத் தடித்த கலவை அடைத்திருக்கலாம் என்றன பிந்தைய விசாரணைகள். ரிக்கிலோ 1,400-க்கு வேறு ஒரு விளக்கம் சொல்லி, பூஜ்யத்தை நம்பி மேலே போனார்கள்.

இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். ஒளிபுகும் குழாயை ‘யு’ போல வளைத்துத் தண்ணீர் ஊற்றினால் இரு பக்கமும் சமமாக நிற்கும். வளைவில் களிமண்ணை அடைத்து ஒரு பக்கம் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். மறுபக்கம் அசையாது. அசையாத பக்கத்தை நம்பலாமா என்று கேளுங்கள். விவாதம் தானாகக் கிளம்பும்.

கிணற்று வாயில் இருந்த பிரம்மாண்டமான அடைப்புக் கருவி ஏன் காப்பாற்றவில்லை என்றும் கேட்பார்கள். குழாயை வெட்டி மூட வேண்டிய கத்திகள் அதில் இருந்தன. ஆனால் அழுத்தத்தில் குழாய் வளைந்து ஓரமாக ஒதுங்கியிருந்ததால் வெட்டு முழுதாக விழவில்லை.

இனி படம் விட்ட இடம். ஏப்ரல் 22 அன்று ரிக் மூழ்கியது. மே மாதம் கசிவின் மேல் ஒரு பெரிய எஃகுக் கூடாரத்தை இறக்கினார்கள். அந்த ஆழத்தின் குளிரிலும் அழுத்தத்திலும் வாயுவும் நீரும் சேர்ந்து பனி போன்ற படிகமாகிக் கூடாரத்தை அடைத்துவிட்டன. கனச்சேற்றை மேலிருந்து செலுத்திய முயற்சியும் தோற்றது. புதிய மூடியைப் பொருத்தி ஜூலை 15 அன்றுதான் கசிவை நிறுத்தினார்கள். 87 நாட்கள்! அவ்வளவு நாள் ஆனதற்கு முக்கியக் காரணம், அந்த ஆழத்துக்கேற்ற மூடி தயாராக இல்லை என்பதே. எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான்: ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்குக் கடலுக்குள் இறங்கத் தெரிந்த தொழிலுக்கு, அங்கே உடைந்தால் மூடும் கருவி கைவசம் இல்லை. பக்கவாட்டில் தோண்டிய நிவாரணக் கிணறு உடைந்த கிணற்றை வந்து சேர்ந்து, செப்டம்பர் 19 அன்றே கிணறு நிரந்தரமாக அடைபட்டதாக அறிவிக்கப்பட்டது.

கடலில் கலந்தது 31.9 லட்சம் பீப்பாய் என்று நீதிமன்றம் கணக்கிட்டது. லிட்டரில் ஐம்பது கோடி. அரசு விஞ்ஞானிகள் சொன்ன 49 லட்சம், கிணற்றிலிருந்து வெளிவந்த மொத்த அளவு பற்றிய அவர்களின் மதிப்பீடு. இரண்டையும் குழப்பாமல் சொல்லுங்கள். எண்ணெயைச் சிதறடிக்க ஏறத்தாழ 70 லட்சம் லிட்டர் ரசாயனம் பயன்பட்டது. அது எண்ணெயை அழிப்பதில்லை, நுண்துளிகளாக்கி நீருக்குள் பரப்பும். கரைக்கு வருவது குறையும், நடுக்கடலில் வாழ்பவை கூடுதலாக எண்ணெயைச் சந்திக்கும். கிணற்றிலிருந்து 11 கிலோமீட்டர் தள்ளி, ஆழ்கடல் பவளங்கள் பழுப்புப் படிவால் மூடிக் கிடந்ததை அதே ஆண்டு கண்டார்கள். லூசியானாவின் பராடாரியா விரிகுடா டால்பின்களுக்கு நுரையீரல் நோய் கண்டறியப்பட்டது.

ஒன்று மட்டும் கவனம். படம், கிணற்றை நடத்திய பிபி எண்ணெய் நிறுவனத்தின் மேற்பார்வையாளர்களை வில்லன்களாகக் காட்டுகிறது. 2014-இல் நீதிமன்றம் தவறைப் பங்கிட்டது இப்படி: பிபி 67 சதவீதம், ரிக் உரிமையாளர் டிரான்ஸ்ஓஷன் 30, சிமென்ட் வேலை செய்த ஹாலிபர்ட்டன் 3. இந்த மூன்று எண்களையும் பலகையில் எழுதிவிட்டு, சோதனைக் காட்சியை மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் யார் நிறுத்தியிருக்கலாம் என்று மாணவர்களே குறித்து வரட்டும்.