சைக்கிள் பயிற்சிக்கு எஃப்டிபி டெஸ்ட் எடுத்து லெவல் பிரித்த பிறகும் இன்டர்வலை (நடுவில் ஓய்வு விட்டுக் கடுமையாக மிதிக்கும் சுற்றுகளை) முடிக்க முடியவில்லை. எனக்கு மனத்திடம் போதவில்லையா?

உங்கள் மனத்திடத்தில் ஒரு குறையும் இல்லை. உங்கள் எஃப்டிபி எண்தான், அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம் தொடர்ந்து மிதிக்க முடிகிற அதிகபட்ச வாட்தான், தப்பாக இருக்கும். இதே கேள்வியை நான்கு மாதம் என்னையே கேட்டுக்கொண்டவன் என்பதால், படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

நீங்களும் என்னைப் போல 20 நிமிடம் முழு மூச்சாக மிதித்து, சராசரி வாட்டை 0.95ஆல் பெருக்கியிருப்பீர்கள். எனக்கு வந்த சராசரி 268. பெருக்கினால் 255. ஆப்பில் போட்டதும் லேசானதிலிருந்து கடுமையானது வரை ஏழு பயிற்சி லெவலும் தானாகப் பிரிந்து வந்தன. அடுத்த வாரம் 255 வாட்டில் இரண்டு தடவை 20 நிமிடம். முதலாவதை எப்படியோ ஓட்டிவிட்டேன். இரண்டாவதில் ஏழாவது நிமிடம், 255 இருந்த இடத்தில் 241, அப்புறம் 228. கியரைக் குறைத்தும் பலனில்லை. மூக்கு நுனியிலிருந்து வியர்வை திரைமேல் சொட்டி, எண்ணே கலங்கித் தெரிந்தது. ட்ரெய்னரை (வீட்டுக்குள் சைக்கிளை மாட்டி மிதிக்கும் கருவியை) விட்டு இறங்கியபோது தொடை நடுங்கியது.

அப்போது எனக்குப் பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுத்தவர், "காலு ரெடி, மண்டைதான் ரெடியில்ல" என்றார். நம்பினேன். அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை.

நடந்தது இதுதான். பவர் மீட்டர் பயிற்சி பற்றிப் புத்தகம் எழுதிய ஹண்டர் ஆலனும் ஆண்ட்ரூ காகனும் சொன்ன முறையில் அந்த 20 நிமிடத்துக்கு முன்னால் 5 நிமிடம் உயிரைக் கொடுத்து ஓட்ட வேண்டும். பிறகு 10 நிமிடம் மெதுவாக, அதன் பின்தான் டெஸ்ட். ஆக்ஸிஜனை நம்பாமல் கொஞ்ச நேரத்துக்குக் கிடைக்கும் சக்தி எல்லோரிடமும் கையிருப்பாக இருக்கிறது. அதை முதலில் கரைக்கத்தான் அந்த 5 நிமிடம். 0.95 என்பது அப்படிக் கரைந்த காலுக்கான கணக்கு. நான் புத்தம்புதுக் காலோடு ஓட்டிவிட்டு அதே கணக்கைப் போட்டிருந்தேன்.

முறையாகத் திரும்ப எடுத்தபோது சராசரி 251, எஃப்டிபி 238. இப்போது பாருங்கள்: நான் திணறிய 255 என்பது 238இல் 107 சதவீதம். காகன் அட்டவணையில் த்ரெஷோல்ட் லெவல், அதாவது எஃப்டிபியை ஒட்டிய நான்காவது லெவல், 91 முதல் 105 சதவீதம் வரைதான். 106இலிருந்து ஐந்தாவது லெவல், அங்கே ஓட்டுவது 3 முதல் 8 நிமிட இன்டர்வல். நான் அதை 20 நிமிடம், அதுவும் இரண்டு தடவை ஓட்டப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், லேசான நாள் என்று நினைத்து 185 வாட்டில் போனதெல்லாம் 78 சதவீதம், அதாவது டெம்போ எனும் நடுத்தரக் கடுமை கொண்ட மூன்றாவது லெவல். ஓய்வே இல்லாமல் மாதக்கணக்கில் ஓடியிருக்கிறேன்.

20 நிமிட டெஸ்ட்டே வீண் என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ரத்தத்தில் லாக்டேட்டை அளக்கும் லேபுக்குப் போகச் சொல்பவர்கள் சொல்வதும் சரிதான், எல்லோராலும் போக முடியாது. ராம்ப் டெஸ்ட் (முடியாமல் போகும்வரை வாட்டைப் படிப்படியாக ஏற்றும் டெஸ்ட்) சுலபம்தான், ஆனால் கடைசி ஒரு நிமிடத்தின் 75 சதவீதம் என்ற கணக்கு, ஸ்பிரின்ட் பலம் உள்ளவர்களுக்குக் கூட்டித்தான் காட்டும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குழுவாகப் போகும்போது பக்கத்தில் வருபவரைவிட எப்போதும் அரைச் சக்கரம் முன்னாலேயே போகிறவர்கள், தயவுசெய்து நிறுத்துங்கள். நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு 10 வாட்டுக்கும் பக்கத்தில் இருப்பவருடைய இரண்டாவது லெவல் நாள், அதாவது லேசான நாள், பாழாகிறது. கேட்டால் "ஃபிட்னஸ் போதாது" என்று பதில் வேறு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வாரம் லேசாக ஓட்டுங்கள். டெஸ்ட் அன்று பவர் மீட்டரை அந்த இடத்தின் வெப்பத்துக்குப் பழகவிட்டு ஜீரோ செய்யுங்கள் (மிதிக்காதபோது பூஜ்யம் காட்டும்படி சரிசெய்யுங்கள்). 20 நிமிடத்தில் முதல் மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொண்டதுபோல் அடக்கி ஓட்டுங்கள். அதற்கு முந்தைய அந்த 5 நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். புது எண் வந்ததும் கீழே எழுதுங்கள், லெவல்களைச் சேர்ந்தே கணக்குப் போடலாம்.