கட்டடக் கேள்விகள்: கண்டிச் சரிவில் ஒரு வீடு

கேள்வி: ஐயா, மகள் கட்டடக்கலை படிக்க மொறட்டுவைக்குப் போகப்போகிறாள். மினெட் டி சில்வா கண்டியில் கட்டிய கருணாரத்ன வீடு என்று ஓயாமல் சொல்கிறாள். படத்தில் பார்த்தால் எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் கேள்விப்பட்டதெல்லாம் ஜெஃப்ரி பாவாதான். அந்த வீட்டில் அப்படி என்ன இருக்கிறது?
- ஒரு வாசகி, உவர்மலை

பதில்: பாவாவைத் தெரியும், மினெட்டைத் தெரியாது. பாதிப் பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது, தங்கச்சி.

கருணாரத்ன வீட்டு வேலை 1949இல் தொடங்கி 1951இல் முடிந்தது. பாவா லண்டனில் படித்து முடித்துக் கட்டடக்கலைஞரானது 1957இல். மினெட் 1948இலேயே பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினர். ஆசியப் பெண்களில் அவர்தான் முதல் ஆள். இந்த வீடு அவருடைய முதல் கட்டடம்.

படத்தில் தெரியாததற்குக் காரணம் உண்டு. அது மலைச்சரிவு வீடு. தளங்கள் சரிவுக்கு ஏற்றபடி ஏறி இறங்குகின்றன. அதை ஒரு படத்துக்குள் அடக்க முடியாது. மகளிடம் தரைப்படத்தையும், வீட்டை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தது போல வரைகிற வெட்டுமுகப் படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். காலமெல்லாம் படவரைஞர் மேசையில் இருந்தவன் சொல்கிறேன், வீட்டின் முகம் பொய் சொல்லும், வெட்டுமுகம் சொல்லாது.

அப்புறம் அந்தக் கதவுகள். பலகை அடிக்க வேண்டிய இடத்தில் தும்பறை நெசவு. கண்டிப் பக்கத்துக் கிராமங்களில் நாரில் நெய்வார்களே, அந்தப் பாய்தான். அதே வீட்டில் அரக்கு வேலை, உருவம் பதித்துச் சுட்ட மண் ஓடு, சுவரில் ஜோர்ஜ் கீற்றின் ஓவியம். பொரளை கோதமி விகாரைச் சுவர்களில் வரைந்த அதே கீற்தான். இவ்வளவும் கொங்கிரீட்டும் கண்ணாடியும் சேர்ந்த புது வீட்டுக்குள். அலங்காரம் என்று கடைசியில் கொண்டுவந்து ஒட்டியது இல்லை. வரைபடம் போடும்போதே நெசவுக்காரருக்கும் அரக்குக்காரருக்கும் இடம் ஒதுக்கியாகிவிட்டது. அந்தக் காலத்தில் வெள்ளைப் பெட்டி மாதிரி ஒரு வீடு கட்டிவிட்டு நவீனம் என்று சொல்லியிருந்தால் போதும், ஊர் வாயைப் பிளந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. என் பார்வையில் அவருடைய துணிச்சல் அதுதான்.

அதன் பிறகு வந்ததைப் பாருங்கள். 1950களில் கொழும்பில் பீரிஸ் வீட்டைக் கட்டினார். கீழே தூண்கள், நடுவே முற்றம். அந்தப் பத்தாண்டின் கடைசியில் கண்டி வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தில், குடிவரப்போகிறவர்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து, யாருக்கு எப்படி வீடு வேண்டும் என்று கேட்டார். இன்றைக்கும் நம்மிடம் யார் கேட்கிறார்கள்? பாவாவின் பெயரெடுத்த எனா டி சில்வா வீடு 1960 தொடக்கம் 1962 வரை கட்டியது. முற்றமும் கைவினையும் அங்கேயும் உண்டு. அழகான வீடு, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வழியில் முதலில் நடந்தவர் யார் என்று மகளைக் கேளுங்கள், சொல்வாள்.

கேள்வி: முற்றம் வைத்து வீடு கட்ட ஆசை. மாரியில் மழை உள்ளே அடிக்காதா? சிலாப் வீடு கச்சான் காற்றுக் காலத்தில் கொதிக்கிறது.
- ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: தாராளமாக வையுங்கள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலும் அந்த முற்றம்தானே? முற்றத்தைச் சுற்றி விறாந்தை விட்டு, தாழ்வாரத்தை நன்றாக நீட்டி இறக்குங்கள். வாடைக்காற்றோடு வரும் மழை சரிந்து அடிக்கும், இரண்டடித் தாழ்வாரம் காணாது. முற்றத்துத் தரை வீட்டுத் தரையைவிடத் தாழ இருக்க வேண்டும். மேற்குப் பக்கம் கச்சான் வருகிற பக்கம், அங்கே ஜன்னலைச் சிறிதாக்கி மரம் வையுங்கள். சிலாப்தான் வேண்டும் என்றால் அதற்கு மேலே ஓட்டுக் கூரையும் போடுங்கள், இடையில் காற்றுப் போக வழி விட்டு. வடிகால் குழாயைப் பெரிதாகப் போட்டு, அதன் வாய்க்குக் கம்பிவலை கட்டச் சொல்லுங்கள். மேசன் “தேவையில்லை ஐயா” என்பார். விடாதீர்கள், கார்த்திகை மழையில் ஒரு வேப்பங்கொத்து போதும் குழாயை அடைக்க.