அபராதம் கட்ட முடியவில்லையா? ஓய்வுபெற்ற சிரஸ்தார் (நீதிமன்றத் தலைமை எழுத்தர்) பதில்கள்

கே: அண்ணனுக்கு 10,000 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் 100 நாள் சிறை. 25 நாள் இருந்துவிட்டார். இனி முழுத் தொகையும் கட்டணுமா சார்?

ப: வேண்டாம்மா. இருந்த நாளுக்குக் கழிவு உண்டு. கால் பங்கு நாள் முடிந்ததால் 7,500 கட்டினால் விடுதலை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 8ஆவது பிரிவில் இருக்கிறது. இது தெரியாமல் தாலிக்கொடியை அடகு வைத்து முழுப்பணத்தோடு வந்த ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி வைத்தார். கணக்குப் போட்டு மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தோம். கட்டியதும் ரசீது வாங்குங்கள்.

கே: சிறையில் முழுசாக இருந்துவிட்டால் அபராதம் தீர்ந்ததா?

ப: பெரும்பாலும் ஆமாம். அதற்குப் பிறகு ஜப்தி வாரண்ட் (சொத்தைக் கைப்பற்றி வசூலிக்கும் உத்தரவு) போட வேண்டுமானால் நீதிமன்றம் தனிக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். ஆனால் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொன்ன இழப்பீடு தீராது.

கே: செக் வழக்கில் இழப்பீடு கட்டாமல் உள்ளே இருந்துவிட்டேன். இனி கேட்க மாட்டார்கள்தானே?

ப: கேட்பார்கள். மேலே சொன்னேனே. 2017இல் உச்ச நீதிமன்றமும் குமரன் வழக்கில் இதையே சொன்னது.

கே: ஆறு வருஷம் ஓட்டிவிட்டால் தப்பிக்கலாமா?

ப: தீர்ப்பு நாளிலிருந்து 6 ஆண்டு, சிறைத்தண்டனை அதைவிட நீளமென்றால் அது முடியும் வரை வசூலிக்கலாம். நடுவில் ஆள் இறந்தாலும் சொத்து பொறுப்பிலிருந்து விடுபடாது. கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி போலவும் வசூலிப்பார்கள். ஆனால் கலெக்டர் வாரண்டை வைத்து ஆளைக் கைது செய்யக்கூடாது.

கே: காசிருப்பவன் கட்டிவிட்டுப் போகிறான், கூலிக்காரன் உள்ளே. இது தண்டனையா, வறுமைக்கு வரியா?

ப: இந்தக் கோபம் எனக்கும் உண்டு தம்பி. முப்பது வருஷம் அபராதம் வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். அபராதம் மட்டுமே தண்டனை என்றால் 30 நாள் அவகாசமோ, இரண்டு மூன்று தவணையோ நீதிமன்றம் தரலாம், கேட்பவர்தான் இல்லை. தீர்ப்பு சொன்ன அன்றே வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். சிறையில் இருப்பவருக்கு 2023 முதல் ஏழைக் கைதிகள் உதவித் திட்டம் இருக்கிறது. 25,000 ரூபாய் வரை அரசே கட்டும். சிறைக் கண்காணிப்பாளரிடமோ மாவட்டச் சட்டப்பணி ஆணைக்குழுவிலோ மனு கொடுங்கள்.

கே: அதெல்லாம் காகிதத்தில்தான் சார்.

ப: மனுவே போடாவிட்டால் காகிதத்திலும் இல்லை. போடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள்.

கே: சிறை முடிந்தால் அபராதம் தீர்ந்ததா?

ப: இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கே: வண்டிக்கு அபராதச் சலான் பாக்கி என்று வாட்ஸப்பில் ஒரு ஏபிகே ஃபைல் (செல்போனில் செயலியை ஏற்றும் ஃபைல்) வந்தது.

ப: மோசடி அது. திறக்காதீர்கள், உடனே அழியுங்கள். சலானை அரசு இணையதளத்தில் நீங்களே வண்டி எண் போட்டுப் பாருங்கள். கட்டினால் ரசீது.